கியர் பெட்டி எண்ணெயும் சலேத்தக்கா முழங்காலும்

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. அந்த ஏழாவதுக்குக் கை கால் கிடையாது, நாலு சக்கரம். ஆறு பிள்ளைகளும் சேர்ந்து எனக்குத் தராத அவமானத்தை அது ஒன்றே ஒரு காலைப்பொழுதில் தந்தது. இந்த வாரம் அதைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

போன வாரம் உப்பளத்து மழையைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு, சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மா, எல்லாக் கதையிலும் நீங்களே கெட்டிக்காரியாக வருகிறீர்களே, தோற்ற கதை ஒன்றுகூட இல்லையா?" இருக்கிறது ஐயா. நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்.

எழுதுகிறது என் பேத்தி ஜெனி. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். படிப்பு அவ்வளவுதான். பெருமை மட்டும் பெரிய படிப்பு படித்தவளுக்கு இருக்கிற அளவு.

உப்பளத்து ரோடு

முள்ளக்காட்டுப் பக்கம், திருச்செந்தூர் போகிற ரோடு. இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. வருசம் கேட்காதீர்கள். புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஈஸ்டர் கழிந்த கல்யாண மாசம் என்பது மட்டும் நிச்சயம்.

ரோட்டின் நடுவில் எங்கள் கார் நிற்கிறது. மூக்கில் ரோசாப்பூ மாலை, இரண்டு பக்கமும் வெள்ளை ரிப்பன். பின் சீட்டில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை ரெமி வேர்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா சலேத்தக்கா, எங்கள் தெருவிலேயே வாய் பெரிய மனுசி, மடியில் ஒரு துணிப்பை. அந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பாட்டுக் கோயிலில் பொண்ணு காத்திருக்கிறது.

ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்ததால் நிறுத்தினோம். ஆடு போய்விட்டது. கார் போகவில்லை. எங்க வீட்டுக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் ஊளையிடுகிறது, சக்கரம் ஒரு விரற்கடை நகரமாட்டேன் என்கிறது.

உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்காரப் பொம்பளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எக்கா, கத்தியே மணப்பாடு போயிருமோ இந்தக் காரு?" என்றாள் ஒருத்தி.

நான் முன் சீட்டிலிருந்து இறங்கினேன். முந்தானையை உதறிச் செருகினேன். நல்ல சத்தமாகச் சொன்னேன்: "காருக்கு ஒரு கொறையும் இல்ல. எண்ணெய் நெறைய இருக்கு. காலம்பற நான்தான் பாத்தேன்."

அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கர்ப்பிணி எழுத்து

இந்தக் கார் எங்களுக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பெரிய துரையாக இருந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன வெளிநாட்டுக் கார் அது. நாங்கள் வாங்கும்போதே அதற்குப் பேரன் எடுக்கிற வயது. கடல்பச்சை நிறம், பின்னால் சுறாத் துடுப்பு மாதிரி இரண்டு தூக்கல். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். காரின்மேல் குற்றமே இல்லை. குற்றம் முழுக்க இங்கன உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது.

அதற்குக் கிளட்ச் கிடையாது. கையால் கியர் மாற்றவும் வேண்டாம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதற்கு எதிரில் இங்கிலீசு எழுத்துகள். எனக்குத் தமிழே தள்ளாட்டம், இங்கிலீசுக்கு எங்கே போவேன்? உருவத்தைப் பார்த்துப் பேர் வைத்தேன். கொடி கட்டின கம்பம் என்றால் கார் நிற்கும். வயிறு தள்ளின கர்ப்பிணி என்றால் முன்னால் போகும். கொடிக்கம்பம் ஒரு காலை நீட்டிக்கொண்டு நின்றால் பின்னால் போகும். கம்பியைக் கர்ப்பிணிக்குக் கொண்டுவந்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும். வேகம் ஏற ஏற, உள்ளே இருக்கிற பெட்டி தானாகவே கியரை மாற்றிக்கொள்ளும்.

எங்கள் தெரு முழுக்க வந்து அதைப் பார்த்தது. "ஆள் மாத்தாம அதுவா மாத்துதா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன். எனக்கும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

யாருக்குப் பூசை

எங்க வீட்டுக்காரர் பேர் இன்னாசி. வாலிபத்தில் முத்துக் குளித்தவர். அவர் மூழ்கும்போது மேலே படகில் கயிறு பிடித்து நின்றது என் அண்ணன். எங்கள் கடற்கரையில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்து எந்த அண்ணனும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்கிற யோசனை. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு தோணிக்குப் போனார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர்.

ஒரு தரம் திரும்பி வரும்போது பாய் கிழிந்து தோணி எங்கேயோ ஒதுங்கிவிட்டது. நாள் போகப் போக ஊரில் நம்பிக்கை விட்டுப்போய், அவர் இறந்துவிட்டார் என்று ஆத்துமாப் பூசை வைத்துவிட்டார்கள். பூசை முடிந்து நான் பிள்ளைகளோடு கோயில் படியில் இறங்குகிறேன். எதிரே தாடியும் வெடித்த உதடுமாக ஒரு ஆள்.

"யாருக்குளா பூசை?" என்று கேட்டார்.

அழவில்லை நான். "ஒங்களுக்குத்தான், போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றேன். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே அவரிடம் வாக்கு வாங்கினேன், இனிமேல் கடல் வேண்டாம் என்று. "கரையில சோறு கெடைக்கிறவரைக்கும் போகல" என்றார். அந்தச் சோறுதான் இந்தக் கார். கல்யாணத்துக்கு, ஞானஸ்நானத்துக்கு, கப்பல் மாலுமிகளை ரயிலடிக்குக் கொண்டுபோய்விட என்று வாடகைக்கு ஓடியது. அதனால்தான் அது எனக்கு ஏழாவது பிள்ளை. அது படுத்தால் அவர் கடலுக்குப் போவார்.

குச்சி என் கையில்

காருக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இரண்டு குச்சி உண்டு. இரும்புக் குச்சி. ஒன்று என்ஜினுக்கு, மற்றது அந்தத் தானியங்கிக் கியர் பெட்டிக்கு. துரையின் டிரைவர் சாவியைக் கொடுக்கும்போது இரண்டையும் உருவிக் காட்டினான். "ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும்க்கா. தினமும் பாருங்க." எப்போது பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லையா, சொல்லி நான் காதில் வாங்கவில்லையா, மாதாவுக்குத்தான் தெரியும்.

குச்சி பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் காருக்குள்ளே, குச்சி என் கையில். என் அண்ணன் பிடித்த கயிறு இப்போது என் கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

நான் தோணிக்காரன் மகள். தோணியின் அடியில் கசிந்து நிற்கிற தண்ணீரை எங்க அப்பா எப்படிப் பார்ப்பார் என்று சின்ன வயதிலிருந்தே கண்டவள். விடியலில், தோணி அசையாமல் நிற்கும்போது கம்பை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஓடுகிற தோணியில் தண்ணீர் அங்கும் இங்கும் உருளும், கணக்குத் தப்பும். அதே முறையில் நானும் காலை மணி அடித்ததும், காரைக் கிளப்புவதற்கு முன்னாலேயே, குச்சியை உருவுவேன். முந்தானையில் துடைப்பேன், மறுபடி விடுவேன், எடுப்பேன். வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். தெருவில் யாராவது போனால் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பேன்.

என்ஜின் குச்சி ஒழுங்காக இருந்தது. கியர் பெட்டிக் குச்சியில் எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

தோணியில் தண்ணீர் கூடினால் என்ன செய்வோம்? இறைப்போம். நானும் இறைத்தேன்.

ஒரு ரப்பர் குழாயைக் குச்சித் துவாரத்தில் விட்டு, வாயால் ஓர் உறிஞ்சு உறிஞ்சி, தரையில் வைத்த போணிக்குத் திருப்பிவிட்டேன். நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பாக இறங்கியது. முதல் நாள் ருசியும் பார்க்க நேர்ந்தது. சர்பத் இல்லை.

கீலும் முட்டும்

அந்த எண்ணெயைக் கொட்ட மனசு வருமா? வழுவழுவென்று வெளிநாட்டு எண்ணெய். தையல் மிஷினுக்கு விட்டேன், பூனை மாதிரி ஓடியது. கிணற்று உருளைக்கு விட்டேன், வாயை மூடிக்கொண்டது. பக்கத்து வீடுகளின் கதவுக் கீலுக்கெல்லாம் கொடுத்தேன்.

ஒருநாள் சலேத்தக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏளா தஸ்நேவிஸ், என் வீட்டுக் கதவு சத்தம் போச்சு. இந்த முட்டும் அதே மாதிரிதான் கடக்குமுடக்குங்குது. இதுக்கும் கேக்குமா?"

"தேச்சுத்தான் பாருங்களேன் மைனி."

"எங்கருந்துளா வந்துச்சு இது?"

"கப்பல்ல வந்தது" என்றேன். பொய்யில்லை. காரே கப்பலில் வந்ததுதானே.

இரண்டு வேளையும் தேய்தேயென்று தேய்த்தாள். தேய்த்த தேய்ப்புக்கே வலி பயந்து போயிருக்கும். ஆனால் பேர் எண்ணெய்க்குப் போனது. தெருப் பொம்பளைகள் சின்னச் சின்னப் போத்தலோடு என் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி அதில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக்கொண்டாள். நானும் டாக்டரம்மா மாதிரி, "காலைல ஒருக்க, படுக்கப்போகையில ஒருக்க" என்று சொல்லிக் கொடுத்தேன். இதைப் படிக்கிற யாரும் செய்து பார்க்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

அப்புறம் தபசு காலம் வந்தது. ஈஸ்டர் வரைக்கும் எங்களில் கல்யாணம் கிடையாது. கார் நாள்கணக்கில் சும்மா நின்றது. அப்படி நின்ற பிறகு குச்சியை விட்டுப் பார்த்தால், எண்ணெய் இன்னும் மேலே ஏறியிருந்தது! பைபிளில் ஒரு விதவையின் எண்ணெய்க் கலயம் குறையாமல் இருந்ததே, அந்த ஆசீர்வாதம் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் உறிஞ்சினேன்.

நோவு

ஈஸ்டர் கழிந்து கார் வெளியே வந்தது, நோவோடு.

முதலில் ஒரு தாமதம். கம்பியைக் கர்ப்பிணிக்குக் கொண்டுவந்தால் முன்பெல்லாம் உடனே ஒரு அசைவு தெரியும். இப்போது ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிறவரைக்கும் ஒன்றும் இருக்காது. பிறகு 'தொம்' என்று பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி குதிக்கும். அப்புறம் கியர் மாறுகிற நேரத்தில் என்ஜின் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டு ஓடும், கார் பின்தங்கும். அப்புறம் அடியில் ஒரு ரீங்காரம், காதுக்குள் கொசு புகுந்தது மாதிரி. வளைவில் திரும்பினால் ஒரு கணம் இழுவையே இருக்காது. சூடு ஏற ஏற எல்லாம் கூடும்.

ஆறு பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவள் நான். "சூடு தங்கல" என்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். "கண்ணு பட்டிருக்கு" என்று பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்க வைத்தேன். அந்தக் கம்பியில் மாதா படம் தைத்த கயிறு, உத்தரியம், ஒன்று கட்டினேன், கர்ப்பிணியை மறைக்காமல்.

கடைசியில் லாரிப் பட்டறை சுடலை அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். லாரி என்றால் தூக்கத்திலும் பிரித்துப் பூட்டுவார். எங்கள் காருக்கு அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இன்னாசி அண்ணாச்சி, கிளட்ச எங்கன ஒளிச்சு வச்சிருக்கீய?"

"அது கெடையாதுவே."

"கெடையாதா? பெறவு நான் எதப் பாத்து வைத்தியம் பண்ண?" எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, பெட்டில எண்ணெய் பாத்தீயளா?"

அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். அவர் வாயை மூடுவதற்குள் நான் சொன்னேன்: "தினமும் பாக்கேன் அண்ணாச்சி. நெறைய. மிச்சமே இருக்கு."

என் முகத்தைப் பார்த்தபிறகு எந்த மனுசன் குச்சியை உருவிப் பார்ப்பான்? தலையை ஆட்டிக்கொண்டார். "எண்ணெய் சரியா இருந்தும் வழுக்குதுன்னா உள்ள தேஞ்சுபோச்சு. பெட்டிய எறக்கிப் பிரிக்கணும். பிரிச்சா இதுக்குச் சாமான் இங்கன கெடைக்காது. பிரிச்சத பூட்ட முடியுமான்னும் எனக்குத் தெரியாது. உள்ளதச் சொல்லிட்டேன்."

இரண்டு நாள் கழித்துத் தோணி முதலாளியின் ஆள் வந்தான். காற்று திரும்புவதற்கு முன் கொழும்புக்குக் கடைசிப் பயணம், தண்டல் வேண்டும், திங்கட்கிழமை கிளம்புகிறது. எங்க வீட்டுக்காரர் பரணிலிருந்து தன் தகரப் பெட்டியை இறக்கினார்.

"வாக்குக் குடுத்திருக்கீய" என்றேன்.

"கரையில சோறு கெடைக்கிறவரைக்கும்னுதான குடுத்தேன்." சட்டையை மடித்து உள்ளே வைத்தார். "சனிக்கெழம ரெமி கல்யாணம். அதுக்கு ஓட்டிருவோம். மணப்பாடு போய்ச் சேந்துதுன்னா மேற்கொண்டு யோசிப்போம். நடுவழில நின்னுச்சுன்னா அது பழைய இரும்புக் கடைக்கு, நான் தோணிக்கு."

"நிக்காது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணெய் நெறைய இருக்குல்லா."

மறுபடி உப்பளம்

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை நடுரோட்டில், உப்புக்காரப் பொம்பளைகளுக்கு எதிரே, "எண்ணெய் நெறைய இருக்கு" என்று நான் சவால்விட்டு நின்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்க்கிற பார்வை இல்லை அது. தகரப் பெட்டிக்குள் பாதி ஆள் போயாகிவிட்டது.

பயம் வந்தால் எனக்கு வாய் கூடும். "நம்பலைன்னா இப்பமே காட்டுதேன்!" என்று பானட்டைத் தூக்கினேன். என்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவும் எனக்குப் பொறுமையில்லை. குச்சியை உருவினேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தேன்.

குச்சி காய்ந்துபோய் இருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். நுனியில் நுரை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"எக்கா, நெறைய இருக்கு, நெறைய இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது.

அவர் இறங்கி வந்தார். குச்சியை வாங்கி விரலால் தடவினார். என்ஜினை நிறுத்தினார். ஒரு பீடி பற்றவைத்து, அதைப் பிடித்து முடித்து, குச்சியை விட்டு எடுத்தார். மேல் கோட்டுவரைக்கும் எண்ணெய். என்ஜினைக் கிளப்பி மறுபடி எடுத்தார். காய்ந்த குச்சி.

"பேய்தான்" என்றேன் நான்.

"சும்மா இரு." குச்சியைச் சாய்த்துப் பிடித்து, "ஏலே ரெமி, காலேஜ் படிச்சவன்தான நீ, எறங்கி வா. இதுல என்னமோ வெட்டி வச்சிருக்கானே, என்னதுல இது?" என்றார்.

ரெமி கோட்டு நனைய வந்து, குச்சியை வெயிலில் திருப்பிப் பிடித்து வாசித்தான். "என்ஜின் ஓடும்போது பாக்கணும்னு போட்டிருக்கு மாமா. சூடா இருக்கையில."

தினமும் நான் முந்தானையால் துடைத்த எழுத்து அது. குச்சி செய்த கொல்லனின் பேராக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தண்டல் அல்லவா. "ஓடுகையில எண்ணெய் எல்லாம் மேல பெட்டி வயித்துக்குப் போயிருது. நின்னா வடிஞ்சு அடிக்கு வந்துருது. நிக்கையில பாத்தா நெறஞ்ச மாதிரித்தான் இருக்கும். பெட்டி தேயல. பட்டினி கெடக்கு." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மேல் கோட்டத் தாண்டி எண்ணெய் நிக்குன்னு மொதல்ல சொன்னியே. பெறவு சரியாயிட்டுன்ன. எப்படிளா சரியாச்சு?"

என் கண் சொல்பேச்சுக் கேட்காமல் பின் சீட்டுக்குப் போனது. சலேத்தக்காவின் மடிக்கு. அந்தத் துணிப்பைக்கு.

"என்னளா என் பையவே பாக்க?" என்றாள் சலேத்தக்கா.

பஸ்

"மைனி, அந்த முட்டெண்ணெய்ப் போத்தலக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு? ஒனக்கும் முட்டு வலியா?"

"காருக்கு."

சலேத்தக்கா என்னைப் பார்த்தாள், திறந்து கிடந்த பானட்டைப் பார்த்தாள், குச்சியைத் தடவின அவர் விரலைப் பார்த்தாள், தன் போத்தலைப் பார்த்தாள். சிவப்பு ஒன்று போலவே இருந்தது.

"அடிப் பாவி! கப்பல்ல வந்த எண்ணெய்னியே! என் மவன் கல்யாணக் காரப் பிழிஞ்சா என் கால்ல தேச்ச?"

"நல்லாத்தான கேட்டுது ஒங்களுக்கு..."

"கேட்டுது. நான் நடக்கேன், காருதான் நடக்க மாட்டேங்குது!"

ஆனால் போத்தலைத் தந்தாள். அவள் தந்தது போதாது. அந்த நேரம் பின்னால் ஆரன் சத்தம். எங்கள் தெருப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு கல்யாண பஸ் வந்துகொண்டிருந்தது. தூரப் பயணம் என்றால் முழங்கால்காரி எவளாவது எண்ணெய் இல்லாமல் கிளம்புவாளா?

நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸை மறித்தேன். படியில் ஏறி நின்றேன். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகத் தெருவே என்னைப் பார்க்கிறது. அன்றுவரைக்கும் நான் கொடுக்கிறவள். கேட்டுப் பழக்கமில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் காரின்மேல் கையூன்றி நின்றார்.

"எளா, நான் குடுத்த எண்ணெய் யார் யார் கொண்டாந்திருக்கீயளோ, எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. அது எண்ணெய் இல்ல, எங்க காரோட ரத்தம். நாந்தான் உறிஞ்சிட்டேன்."

பஸ் சிரித்த சிரிப்பு உப்பளத்தின் அடுத்த கரைவரைக்கும் போயிருக்கும். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பையாகத் திறந்தார்கள். மாத்திரைப் போத்தல், சென்ட் போத்தல், தேன் போத்தல். கற்பூரம் போட்டவள் மட்டும், "இது சாமான் சேத்ததுக்கா" என்று தயங்கினாள். "சேத்தது சேந்தே போவட்டும், கொண்டா" என்றார் அவர்.

ஊற்றப் புனல் இல்லை. ரெமி தன் கோட்டுப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துச் சுருட்டினான். மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் நனைய நனைய, ஓடுகிற என்ஜினில் எண்ணெயை விட்டோம். நான் குச்சியை எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு இரங்கின மாதிரி, கீழ்க் கோட்டைத் தொட்டு நின்றது.

அவர் ஏறி உட்கார்ந்து, உத்தரியத்தைத் தொட்டு, கம்பியைக் கர்ப்பிணிக்குக் கொண்டுவந்தார். நான் 'அருள் நிறைந்த' என்று தொடங்கினேன். 'மரியே' வருவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

"எக்கா, மிச்சமிருந்தா எங்க முட்டுக்கும் போடுங்க!" என்று உப்புக்காரி ஒருத்தி கூவினாள்.

மணப்பாட்டு மேடு

மணப்பாட்டில் கோயில் கடலோரத்து மேட்டின் உச்சியில் இருக்கிறது. கோயிலைப் பார்க்க ஏறுகிற ரோடு வந்ததும் காருக்குள் யாரும் மூச்சுவிடவில்லை. சலேத்தக்காகூட. பாதி ஏற்றத்தில் கார் தயங்கியது. எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. உள்ளே 'க்ளுக்' என்று ஒரு சின்னச் சத்தம். பெட்டி தானாகவே கியரைக் கீழே இறக்கிக்கொண்டு, முனகாமல் ஏறியது. சூட்டில் எண்ணெய் காய்ந்து கார் முழுக்கக் கற்பூர வாசனை. மாப்பிள்ளை கோயிலில் இறங்கும்போது தைலக் கடையிலிருந்து வந்தவன் மாதிரி மணத்தான்.

தாலி கட்டி, பூசை முடிந்து, எல்லாரும் சாப்பாட்டுக்கு இறங்கிப்போனார்கள். அவர் மட்டும் மேட்டு விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு தோணிப் பாய் தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு எனக்குக் கேட்கிற வாய் இல்லை. இருந்தும் கேட்டேன்.

"திங்கக்கெழம?"

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கொழும்புக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நீ அந்தக் கார ஒரு சொட்டு இல்லாம உறிஞ்சிருவ. ஒன்ன நம்பி அத விட்டுட்டு நான் எங்கன போக? நான் எங்கயும் போகல."

அப்புறம் சிரித்தார். கோயில் படியில் தாடியோடு வந்து நின்ற நாளுக்குப் பிறகு, அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு கப்பல் என்ஜினியரைப் பிடித்துச் சரியான எண்ணெய் வாங்கி, பழையதை இறக்கிவிட்டு மாற்றினோம். சுடலை அண்ணாச்சி பார்க்க வந்தார். "எண்ணெய் பாத்தீயளான்னு அன்னைக்கே கேட்டேனே" என்றார். "நானும் பாத்தேன்னுதான சொன்னேன், சரியாப் பாத்தேன்னா சொன்னேன்?" என்றேன். குச்சி அதன் பிறகும் என் கையில்தான் இருந்தது, என்ஜின் ஓடும்போது. தெருவில் எனக்கு 'எண்ணெய்க்காரி' என்று பேர் நிலைத்தது. சலேத்தக்கா சாகிறவரைக்கும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "என்ன இருந்தாலும் அந்தக் கார் எண்ணெய் மாதிரி வராது" என்பாள்.

கார் இன்னும் பல கல்யாணத்துக்கு ஓடியது. எங்க வீட்டுக்காரர் நரைத்து, பல் போய், நல்ல வயதில், தன் கட்டிலில் படுத்தபடியே போனார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கட்டிலில் போன முதல் ஆம்பிளை அவர்தான். அதற்கு நான்தான் காரணம் என்று பெருமைப்பட ஆசை. ஆனால் குச்சி காய்ந்து வந்ததற்குத்தான் நான் காரணம்.

போதும் ஜெனி, பேனாவை வை. இல்லை, வைக்காதே, முதலில் இதை எனக்கு வாசித்துக் காட்டு. எழுதியிருந்ததை ஒருத்தரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்காததால் ஒரு காரையே கொல்லப் பார்த்தவள் நான். என்னைப் பார்த்து பஸ் சிரிக்கிற இடத்தை வேகமாக வாசித்துவிட்டுப் போ. அந்த மேட்டில் நின்று உங்க தாத்தா சொன்னாரே, அந்த இடம் வந்தால் மட்டும் மெதுவாக வாசி.